காரைக்காலிலிருந்து காரைக்கு

நெடுங்காடு பக்கத்துக் குரும்பகரத்தில் போர்வெல் போட்டால் களிமண், மணல், மறுபடி களிமண், மறுபடி மணல் என்றுதான் குழாய் இறங்கிக்கொண்டே போகும், கல் தட்டாது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே கிடக்கிற இந்த வண்டல் நிலத்தில் கண்ணில் படுகிற ஒவ்வொரு கல்லும் வெளியூரிலிருந்து வந்தது. அம்மி, ஆட்டுக்கல், குளத்துப் படித்துறை, கோயில் தூண், வீட்டுக்குக் கொட்டும் கருங்கல் ஜல்லி, ரயில் பாதைச் சரளை, கடற்கரையில் அலைக்கு எதிராக அடுக்கிய பாறைகள், எல்லாமே மேற்கே எங்கோ ஒரு குன்றை உடைத்து ஏற்றி வந்தவை. அதனாலோ என்னவோ, கல்லில்லாத ஊர்க்காரர்களுக்குப் பாறை என்பது சுற்றுலாவில் பார்க்கிற பொருளாகவே இருந்துவிட்டது: செஞ்சி, மாமல்லபுரம், கொடைக்கானல் தூண் பாறை, ஹம்பி, வசதியிருந்தால் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன். இவற்றுக்கெல்லாம் முன்னால் டெல்டாக்காரர் போய்ப் பார்க்கவேண்டிய பாறை ஒன்று, சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டரில், பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊரையொட்டி இருக்கிறது. அது அவருடைய சொந்த நிலத்தின் அடிப்பாகம். அதைக் காக்க இந்த நாட்டில் தனிச் சட்டம் இல்லை. கோயிலோ கல்வெட்டோ யானையோ புலியோ இருந்தால்தான் பாறைக்கு மதிப்பு என்று இதுவரை நடந்துகொண்டிருக்கிறோம். பாறை பாறையாக இருப்பதற்காகவே அதற்குச் சட்டத்தின் காப்பு வேண்டும் என்பது என் வாதம். அதற்குக் காரையைவிட நல்ல சாட்சி தமிழ்நாட்டில் இல்லை.

காரைக்குப் போகும் வழியே சாட்சியின் முதல் பகுதி. குரும்பகரத்திலிருந்து கும்பகோணம் போய், அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, ஜெயங்கொண்டம், அரியலூர் என்று மேற்கே போகிறோம். அணைக்கரைவரை வயலும் வாய்க்காலுமாக ஒரே தட்டை. இங்கே காலுக்குக் கீழே இருப்பது சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள காவிரி வண்டல். கொள்ளிடத்துக்கு வடகரையில் நிலம் மெல்ல ஏறுகிறது, மண் சிவக்கிறது, நெல் போய் முந்திரி வருகிறது. பயிர் மாறியதற்குக் காரணம் அடியிலிருக்கும் பாறை. இது கடலூர் மணற்பாறை, வயது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு. அரியலூரை நெருங்கும்போது சாலையோரம் வெள்ளைத் தூசி படிகிறது, சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வருகின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல் ஏழு கோடி ஆண்டுக்கு முந்திய கடல்தரை. இன்னும் மேற்கே சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அதை வெளியுலகுக்குச் சொன்னார். அதையும் கடந்தால் காரைக் களிமண்பாறை, ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு. அதற்கப்பால் பாடாலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கருங்கல், இருநூறு கோடி ஆண்டுக்கும் முந்தியது. இந்த அடுக்குகள் கிழக்கே, கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கின்றன. அதனால் மேற்கே போகப் போக ஒவ்வொரு பழைய அடுக்காக மேலே தலைகாட்டுகிறது. ஒரு பகல் பயணத்தில் மண்ணின் மேல்தோலிலிருந்து எலும்புவரை பார்த்துவிடக்கூடிய இப்படிப்பட்ட சாலைகள் உலகத்திலேயே அதிகம் இருக்காது.

காரையில் நிலம் முன்னறிவிப்பில்லாமல் உடைகிறது. சோளமும் பருத்தியும் விளைகிற சமவெளிக்கு நடுவே, புல்கூட ஒட்டாத கூர்மையான மேடுகளும் அவற்றுக்கிடையே மழை அறுத்த ஓடைகளும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கலைந்து கிடக்கின்றன. புவியியல்காரர்கள் இதை ‘பேட்லேண்ட்ஸ்’ என்பார்கள். சாம்பல், மங்கிய பச்சை, கடுகு மஞ்சள் எனக் களிமண்ணின் நிறம் மாறிக்கொண்டே போகும். இரும்புக் கறை ஏறிய பழுப்புப் பட்டைகள் மேட்டுக்கு மேடு தொடரும். காய்ந்த மேற்பரப்பு வீங்கிப் பொரிந்திருப்பதால் காலை வைத்தால் லேசாக அமுங்கும். சரிவுகளில் வெயில் படும்போது நூறு இடங்களில் ஒளி தெறிக்கும். அவை ஜிப்சம் தகடுகள். ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே ஏடு ஏடாகப் பிரிந்திருப்பது தெரியும், நகத்தால் கீறினால் கோடு விழும். அதன் பக்கத்திலேயே துப்பாக்கி ரவை போல ஒரு முனை கூராக, விரல் கனத்தில், பழுப்பாகச் சில துண்டுகள் கிடக்கும். அவை பெலம்னைட்டுகள், கணவாய்க்கு உறவான ஒரு கடல் பிராணியின் உள் ஓடு. காரைக்கால் மீன் அங்காடியில் கணவாயைச் சுத்தம் செய்யும்போது உள்ளேயிருந்து வெள்ளை ஓட்டை உருவி எறிகிறார்களே, அதன் பத்துக் கோடி ஆண்டு முந்திய பங்காளி இது. சுருள் சுருளாக அம்மோனைட், சுறாப் பல், இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவின் பல் எல்லாம் இந்த அடுக்குகளிலிருந்து அறியப்பட்டவை. இப்போது கடல் இந்த இடத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

இந்தக் கடல்தரை காரையில் முடிந்துவிடுவதில்லை என்பதுதான் டெல்டாவுக்கு முக்கியம். இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது இன்றைய சோழமண்டலக் கரை நெடுகப் பூமி பிளந்து, பள்ளங்களும் அவற்றுக்கிடையே பாறை முகடுகளுமாக ஒரு பெரும் வடிநிலம் உருவானது. அதில் கடல் புகுந்தது, வண்டல் நிரம்பியது. காவிரிப் படுகை என்று எண்ணெய் ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான். காரையில் மேலே தெரிகிற அதே காலத்து அடுக்குகள் கிழக்கே சாய்ந்து டெல்டாவுக்கு அடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் பிரிவு காரைக்காலில் அலுவலகம் வைத்துத் துளையிட்டுத் தேடுகிற எண்ணெயும் எரிவாயுவும் இந்த வடிநிலத்துக்குள்தான் பிறந்தவை. இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. அந்த ஆய்வு வரைபடங்களில் காரைக்கால் பெயரிலேயே ஒரு முகடு குறிக்கப்பட்டிருக்கிறது. தரங்கம்பாடிப் பள்ளத்துக்கும் நாகப்பட்டினப் பள்ளத்துக்கும் நடுவே, வண்டலுக்கு அடியில் புதைந்து நிற்கும் பழம்பாறை மேடு அது. மலையே இல்லை என்று நாம் நினைக்கிற ஊருக்குக் கீழே ஒரு மலை இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதன்மேல் படிந்த கடல்தரையின் மறுகரையை மட்டும் காரையில் போய்ப் பார்க்கலாம். துளைக்கருவி மூலம் கோடிக்கணக்கில் செலவழித்துத் தெரிந்துகொள்வதைக் காரையில் ஒரு பள்ளிப் பிள்ளை நடந்தே தெரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தை ஒரு புறம்போக்கு மேடாகக் கருதுவது அறிவுக்கு இழப்பு.

அப்படித்தான் கருதுகிறோமா என்றால், சட்டம் அப்படித்தான் விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என ஐந்து தேசியப் பூங்காக்கள் உண்டு. ஐந்தும் உயிரினங்களுக்காக அமைந்தவை. முக்கூர்த்தியின் பாறைச் சரிவுகளைப் பார்த்து மலைக்காதவர் இருக்க முடியாது, ஆனால் அந்த 78 சதுர கிலோமீட்டருக்கு வேலி கிடைத்தது வரையாட்டால். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். ஓரிடத்தைத் தேசியப் பூங்காவாக அறிவிப்பதற்கான காரணங்களில் நிலவுருவ முக்கியத்துவத்தையும் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் உடனேயே, வனவிலங்குகளையும் அவற்றின் சூழலையும் காக்கும் பொருட்டு என்று நோக்கத்தைக் கட்டிவிடுகிறது. பாறையின் வடிவம் காரணமாகலாம், நோக்கமாக முடியாது. இன்னொரு பக்கம், புவியியல் ஆய்வுத் துறை சில இடங்களைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி நான்கு: திருவக்கரைக் கல்மரங்கள், சாத்தனூர்க் கல்மரம், சென்னைப் பரங்கிமலையின் சார்னோகைட் பாறை, காரை-குளக்காநத்தம் பேட்லேண்ட்ஸ். அறிவிப்பு மரியாதைக்குரியது, மீறுகிறவரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் அதற்குப் பின்னால் இல்லை. 2022 டிசம்பரில் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களுக்கென்று ஒரு வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அது வரைவாகவே நிற்கிறது.

பாறையைக் காப்பாற்றிய பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். மாமல்லபுரத்துப் பாறைகள் பல்லவர் உளிபட்டதால் பிழைத்தன. செஞ்சியின் உருண்டைக் கற்கள் கோட்டை மதிலால் பிழைத்தன. 1958-ன் தொல்லியல் சட்டம் நினைவுச்சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடமோ குவாரியோ வரவிடாது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டதும், மேலூர் வட்டாரத்து மக்கள் திரண்டு நின்றதும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் நாடறிந்தவை. அந்தப் போராட்டத்தில் பேசப்பட்டவை சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், இராசாளிப் பறவை, சுனை. எல்லாமே பேசவேண்டியவைதான், அந்த மக்களுக்கு நாடே கடன்பட்டிருக்கிறது. ஆனால் படுக்கையும் சுனையும் இல்லாத பக்கத்துக் குன்றுக்கு யார் பேசுவது? மேலூர்ப் பக்கமே எத்தனையோ குன்றுகள் கிரானைட் பலகைகளாகக் கப்பலேறிப் போனபோது அவற்றின் சார்பில் சொல்ல ஒரு கதை கிடைக்கவில்லை. காரைக்கும் அந்த நிலைதான். அங்கே அரசர் யாரும் எதையும் செதுக்கவில்லை, முனிவர் யாரும் படுக்கவில்லை.

கல்லை வணங்கத் தெரியாத மக்கள் அல்ல நாம். கும்பகோணத்திலும் காரைக்காலிலும் எத்தனையோ வைணவ வீடுகளில் சாளக்கிராமம் இருக்கிறது. நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றிலிருந்து வருகிற அந்தக் கருங்கல்லுக்குள் சுருண்டிருப்பது அம்மோனைட், ஜுராசிக் காலத்துக் கடல் பிராணி. அதைப் பட்டுத் துணியில் வைத்து நாள்தோறும் திருமஞ்சனம் செய்கிறோம். அதே குலத்தைச் சேர்ந்த அம்மோனைட்டுகள் அரியலூர், பெரம்பலூர் மண்ணில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தபோது அவற்றைத் திரும்பிப் பார்த்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். 1840-களில் கேய், கன்லிஃப் இருவரும் விருத்தாசலம், திருச்சி, புதுச்சேரிப் பக்கங்களில் சேகரித்து லண்டனுக்கு அனுப்ப, 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்தார். பின்னால் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா கல்கத்தாவில் உட்கார்ந்து தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்கள் பற்றிப் பெரிய தொகுதிகள் எழுதினார். அரியலூரையொட்டிய கல்லங்குறிச்சியில் இரண்டு கற்களையும் ஒரே ஊரில் பார்க்கலாம். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் ஒரு கல் கம்பம். கண் மூக்கு செதுக்காத கம்பத்தையே பெருமாளாகக் கண்டு நாலா திசையிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அதே ஊரின் பெயரை உலகப் புவியியல் நூல்களில் தாங்கி நிற்பது கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், உள்ளே கை அகலச் சிப்பிகள் அடுக்கடுக்காக நெருங்கிய பாறை. அந்தப் பாறை சிமெண்ட் சூளைக்குப் போகிறது. செதுக்காத கல்லுக்கு முன்னால் கைகூப்பும் மனம் நம்மிடம் இருக்கிறது என்பதால்தான் சட்டம் கேட்பது வெறும் மேலைநாட்டு ஆசை ஆகாது என்கிறேன்.

காப்பு இல்லாததன் விலை என்ன என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு போதும். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் பெரும் டைனோசர் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1980-களின் பிற்பகுதியில் அதற்குப் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்று குறித்தார்கள். பூமியில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கலாம் என்று இன்றும் உலக ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். விவாதம் தீராததற்குக் காரணம், எலும்பு இப்போது இல்லை. நைந்த மண்ணில் ஈரம் ஏறிக் கிடந்த எலும்புகள் பத்திரப்படுத்துவதற்கு முன்பே உதிர்ந்துவிட்டன. அது கல்மரமாக இருந்திருக்கலாம் என்று சிலர் ஐயப்படும் அளவுக்கு நிலைமை போனது. 2022-ல் அய்யாசாமியும் இன்னோர் ஆய்வாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் ஐயம் ஓரளவு தணிந்தது. களத்தில் வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒரு கூரை, ஒரு காவலர், பக்கத்திலேயே ஒரு பாதுகாப்பு அறை, இவற்றுக்கு நிதி ஒதுக்கக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. உலகின் மிகப் பெரிய விலங்கு காவிரிப் படுகையில் நடந்ததா என்ற கேள்விக்கு நம்மிடம் இருந்த விடை மண்ணோடு கரைந்தது.

இங்கே முதல் மறுப்பு வரும். காரையே அரிப்பால் உண்டானது, அடுத்தடுத்த மழையில் அது கரையத்தான் போகிறது, கரைகிற பொருளுக்கு வேலி எதற்கு? அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இதே போன்ற நிலம் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவாக இருக்கிறது. 1939-ல் தேசிய நினைவுச்சின்னம், 1978-ல் தேசியப் பூங்கா. அங்கேயும் பாறை ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரைகிறது என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. ஆனாலும் காக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் காப்பது அந்தக் கரைதலைத்தான். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் காரையின் சரிவில் ஒரு படலத்தைக் கழுவி, நேற்றுவரை மூடியிருந்த ஒரு ஓட்டையோ பல்லையோ வெளியே வைக்கிறது. எந்த அடுக்கிலிருந்து எது வந்தது என்ற ஒழுங்கு அப்போதும் கெடுவதில்லை. ஜேசிபி ஒரு மேட்டை ஒரே பகலில் அள்ளினால் ஒழுங்கும் போகும், அடுக்கும் போகும், அள்ளிய மண்ணில் எஞ்சிய ஓட்டுக்கு வயது சொல்லவும் வழியிருக்காது. இரண்டையும் ஒரே அழிவு என்று எண்ணுவது சரியாகாது.

கிராண்ட் கேன்யனுக்கு முன்னால் காரை எம்மாத்திரம் என்பது அடுத்த மறுப்பு. உயரத்திலும் ஆழத்திலும் ஒப்பே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். படம் பிடிக்க வருகிறவருக்கு ஏமாற்றம்கூட வரலாம். பாறையின் பெருமையை அதன் உயரத்தால் அளந்தால் தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர எதுவும் மிஞ்சாது. ஆனால் கிராண்ட் கேன்யனையே மக்கள் ஏன் மதிக்கிறார்கள்? அடுக்கடுக்காகப் பூமியின் காலம் அங்கே திறந்து கிடக்கிறது என்பதால். அந்தத் திறப்பு காரையிலும் இருக்கிறது, நாம் வாழும் படுகைக்கு உரிய பக்கமாக.

சிமெண்ட்டைப் பற்றிய மறுப்புதான் கனமானது. குரும்பகரத்தில் இன்று எழும்பும் ஒவ்வொரு மாடி வீட்டிலும் அரியலூர்ச் சிப்பி கரைந்திருக்கலாம். அரசு கட்டித் தருகிற தொகுப்பு வீடு, பள்ளிக்கூடம், வாய்க்கால் மதகு, எல்லாவற்றுக்கும் சிமெண்ட் வேண்டும், ஜல்லி வேண்டும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் ஓட்டு வீடும் கீற்று வீடும் போய்க் கான்கிரீட் வீடு வந்ததை யாரும் தவறென்று சொல்ல முடியாது. கல்லைத் தின்றுதான் டெல்டா வீடு கட்டுகிறது. அப்படியிருக்க, கல்லைத் தொடாதே என்று டெல்டாக்காரர் எப்படிச் சொல்வார்? நானும் அப்படிச் சொல்லவில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பெரும் பரப்பில் விரிந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு காலத்தையும் தெளிவாகக் காட்டுகிற முகப்புகள் மிகச் சில. அந்த முகப்புகளை மட்டும் அளந்து, எல்லைக்கல் நட்டு, குத்தகைப் பத்திரத்திலேயே விலக்கி வைத்தால் சிமெண்ட் உற்பத்தி குறையப்போவதில்லை. மேலும், சுரங்கம் எப்போதும் பகையாக இருக்கவேண்டும் என்றில்லை. குவாரி வெட்டியதால்தான் பல அடுக்குகள் முதன்முதலாக வெளிச்சம் கண்டன, ஆய்வாளர்கள் அங்கேதான் போய்ச் சேகரித்தார்கள். வெட்டி முடித்த குவாரியில் ஒரு சுவரை மூடாமல் விட்டு, அதற்குப் படிக்கட்டும் விளக்கப் பலகையும் வைப்பதைச் சுரங்க உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். காரையைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் எளிது. அங்கே இருப்பது பெரும்பாலும் களிமண். அதை விட்டுவைத்தால் நாட்டின் பொருளாதாரத்துக்கு எந்த நட்டமும் இல்லை. கல்லை வாங்கிப் பயன்படுத்துகிறவர் என்ற முறையில்தான், எந்தக் கல்லை விட்டுவைப்பது என்று கேட்கும் பொறுப்பும் டெல்டாவுக்கு வருகிறது.

பூங்கா என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சுகிறவர்களின் அச்சமும் நியாயமானது. தேசியப் பூங்கா என்றால் வேலி, வனக்காவலர், ஆடு மேய்க்கத் தடை, விறகுக்குத் தடை, கடைசியில் ஊரையே காலி செய்யும் உத்தரவு என்று நம் நாட்டில் அனுபவம் இருக்கிறது. நான் மேலே எடுத்துக்காட்டிய தெற்கு டகோட்டாப் பூங்காவிலும் கறை உண்டு. அதன் தெற்குப் பகுதி லகோட்டா பழங்குடிகளின் பைன் ரிட்ஜ் நிலம். 1942-ல் அமெரிக்க இராணுவம் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அதைப் பறித்து, குடும்பங்களை வெளியேற்றியது. அந்த வழியைப் பின்பற்றச் சொல்லவே மாட்டேன். பாறைக்கும் புலிக்கும் உள்ள வேறுபாடு இங்கே நமக்கு உதவுகிறது. ஆட்டைக் கண்டு பாறை ஓடாது, அதற்கு இரை வேண்டாம், வழித்தடம் வேண்டாம். மேய்ச்சலையும் பாதையையும் அப்படியே விட்டுவிட்டு, அள்ளுவதையும் கொட்டுவதையும் மட்டும் தடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் உலூரு பாறையை 1985-ல் அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கே திருப்பிக் கொடுத்து, அவர்களிடமிருந்து அரசு 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அந்த மக்கள் விரும்பியபடி 2019 அக்டோபர் 26 முதல் பாறைமேல் ஏறுவது நின்றது. மலேசியாவின் லங்காவி 2007 முதல் புவிப்பூங்கா. அங்கே மீனவர் ஊரும் கடைத்தெருவும் வயலும் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காப் பட்டியலில் இந்தியாவின் பெயரே இல்லை. பூங்கா என்றதும் வெளியேற்றம்தான் நினைவுக்கு வருகிறது நமக்கு. லங்காவி போல ஒன்றைக் கண்ணெதிரே பார்த்ததில்லையே.

ஊரறியச் செய்தால் திருட்டு வரும் என்ற மறுப்புக்குத் திருவக்கரையில் விடை தேடலாம். புதுச்சேரியிலிருந்து முப்பது கிலோமீட்டர்போல இருக்கும் அந்த ஊரின் கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 18-ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். செம்மண் பூமியில் அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. கிளையில்லை, வேரில்லை, வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்து வந்து மணலில் புதைந்த மரங்கள் என்பதற்கு அதுவே அடையாளம். குனிந்து பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம் தெரியும், கணு தெரியும், பட்டை உரிந்த வரி தெரியும், தொட்டால் குளிர்ந்த கல். தண்ணீரில் கரைந்து வந்த சிலிக்கா ஒவ்வொரு நாராக இடம்பிடித்து மரத்தைக் கல்லாக்கியிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் இதே போன்ற கல்மரங்களை நொறுக்கிச் சாணைப்பொடி செய்ய 1890-களில் ஆலையே நிறுவினார்கள். அந்த அபாயத்தைக் கண்டு எழுந்த குரல்களால்தான் 1906-ல் அது தேசிய நினைவுச்சின்னமாகி, 1962-ல் தேசியப் பூங்காவானது. அதன் பிறகும் பயணிகள் துண்டுகளைப் பையில் போட்டுப் போனார்கள், அவர்களில் பலர் மனம் உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திருவக்கரையிலோ பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மனைக் கும்பிட ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்கிறது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பக்கத்திலிருக்கும் கல்மரத்தைப் பார்க்காமலே பஸ் ஏறுகிறார்கள். கல்மரம் இன்றுவரை மிஞ்சியிருப்பதற்கு வேலியும் புவியியல் ஆய்வுத் துறையின் காவலும்தான் காரணம், மறைத்து வைத்தது அல்ல. மறைவு காப்பாற்றுமென்றால் கல்லமேட்டு எலும்பு தப்பியிருக்கவேண்டும்.

ஆகவே கேட்கவேண்டியது பெரிதில்லை. கிடப்பிலிருக்கும் மசோதாவை ஊராட்சிகளுக்கும் மாநிலத்துக்கும் பங்கு தரும்படி திருத்திச் சட்டமாக்குவது ஒன்று. அதுவரை காத்திருக்காமல் காரை மேடுகளை வருவாய்த் துறைப் பதிவேட்டில் மண் எடுக்கக் கூடாத நிலமாக எழுதுவது மற்றொன்று. மாவட்ட நிர்வாகமே அதைத் தொடங்கி வைக்கலாம். காவலுக்கும் வழிகாட்டவும் காரை, குளக்காநத்தம் இளைஞர்களையே சம்பளத்துக்கு அமர்த்தலாம். எந்த ஓடையில் எந்த மழைக்குப் பின் எது வெளியே வரும் என்று ஆடு மேய்க்கிறவருக்குத் தெரிந்த அளவு வெளியூர் அதிகாரிக்குத் தெரியாது. அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறது. சாத்தனூர், கல்லங்குறிச்சி, காரை மூன்றையும் அதோடு சேர்த்து ஒரு நாள் பயணப் பாதையாக்கலாம். காரைக்கால் பள்ளிகள் ஆண்டுச் சுற்றுலாவுக்கு விடியற்காலையில் பஸ் எடுக்கும்போது அந்தப் பாதையையும் பட்டியலில் சேர்க்கட்டும். வயலின் கீழே என்ன இருக்கிறது என்று குரும்பகரத்துப் பிள்ளைக்கு யாராவது காட்டவேண்டும். மழை விட்டுச் சில வாரம் கழித்து, தை மாசி வாக்கில் போவது நல்லது. அப்போது களிமண் காய்ந்திருக்கும், வெயிலும் தாங்கும், புதிதாகக் கழுவிய சரிவுகளில் பெலம்னைட் நிறையக் கண்ணில் படும். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொல்லி ஆசிரியர் முதலிலேயே கண்டித்துச் சொல்லவேண்டும்.